முகத்துவாரமும் 2010 ஜனாதிபதித் தேர்தலும்

இலங்கையின் ஆறாவது ஜனாதிபதித் தேர்தல் 2010 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த வேளையில் 22 பேர் போட்டியிட்டனர்; ஆனால் போட்டி இருவருக்கிடையே மட்டும்தான். ஒருவர் போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. மற்றவர் அந்தப் போரில் அவருடைய இராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் சரத் பொன்சேகா. ராஜபக்ச 60,15,934 வாக்குகளும் (57.88%), பொன்சேகா 41,73,185 வாக்குகளும் (40.15%) பெற்றனர். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எல்லாத் தேர்தல் மாவட்டங்களிலும் நுவரெலியாவிலும் பொன்சேகா முன்னணியில் நின்றார். தலைநகரின் வட முனையான முகத்துவாரம் அடங்கிய கொழும்பு வடக்குத் தொகுதியும் அவர் பக்கமே சாய்ந்தது. போரில் தோற்ற தரப்பின் மக்கள் என்று கருதப்பட்டவர்கள், வென்ற படையின் தளபதிக்கு ஏன் வாக்களித்தார்கள் என்பதே இத்தேர்தலைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கேள்வி.

பின்னணி

2005 நவம்பரில் ராஜபக்ச முதன்முறை வென்றபோது, ரணில் விக்கிரமசிங்கவைவிட அவர் கூடுதலாகப் பெற்றவை 1,80,786 வாக்குகளே. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு நடவடிக்கையால் அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 வீதத்தினரே வாக்களித்திருந்தனர். அம்மக்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்ற பேச்சு கொழும்புத் தமிழரிடையே போர்க்காலம் முழுவதும் ஓயவில்லை. 2010இல் "புறக்கணிப்பு" என்ற சொல்லையே பலர் வெறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொன்சேகா 2005 டிசெம்பரில் இராணுவத் தளபதியானார். 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமுற்று உயிர் தப்பினார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்ததும் நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்த்தப்பட்டார். ஜூலையில் பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற பதவி கிடைத்தது. பெயர் பெரிது, கட்டளையிடப் படை எதுவும் இல்லாத பதவி அது. நவம்பரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இராணுவம் சதிப்புரட்சி செய்யும் என்று அரசாங்கம் அஞ்சியதாகவும், 2009 ஒக்டோபர் 15 அன்று இந்தியப் படைகள் தயார் நிலையில் வைக்கப்பட்டதாகவும் அக்கடிதத்தில் அவர் குற்றஞ்சாட்டியிருந்தார்.

ராஜபக்சவின் பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. நான்கு ஆண்டுகளை நிறைவு செய்த ஜனாதிபதி முன்கூட்டியே தேர்தலுக்குப் போகலாம் என்று அரசியலமைப்பு இடம் தருகிறது. வெற்றியின் சூடு ஆறுமுன் மக்களிடம் போவதே இலாபம் என்று கணித்த ராஜபக்ச, நவம்பர் 23 அன்று தேர்தலுக்கு உத்தரவிட்டார். ஆறே நாளில் பொன்சேகா தன்னை வேட்பாளராக அறிவித்தார். வேட்புமனுக்கள் டிசெம்பர் 17 அன்று ஏற்கப்பட்டன.

இரு அணிகள்

ராஜபக்சவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்குச் சின்னம் வெற்றிலை. பொன்சேகா புதிய ஜனநாயக முன்னணியின் அன்னச் சின்னத்தில் நின்றார். அன்னத்தின் பின்னால் திரண்ட கூட்டம் விசித்திரமானது. 1987–89 காலத்தில் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் இடதுசாரிக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சியை இரத்த வெள்ளத்தில் அடக்கியது. 1989 நவம்பரில் அதன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார். அந்த இரு கட்சிகளும் இப்போது ஒரே மேடையில் ஏறின. ரவூப் ஹக்கீமின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணியும் சேர்ந்துகொண்டன. 2010 ஜனவரி முதல் வாரத்தில் இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் பொன்சேகாவுக்கு ஆதரவு அறிவித்தது. இவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கட்டிய கயிறு ராஜபக்ச எதிர்ப்பு ஒன்றே. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது, சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான அரசியலமைப்பின் 17ஆவது திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது, அரச ஊழியருக்குப் பத்தாயிரம் ரூபாய் சம்பள உயர்வு என்பவை பொன்சேகாவின் வாக்குறுதிகளில் முக்கியமானவை.

தமிழ் அரசியலில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் எம். கே. சிவாஜிலிங்கம் தனித்துப் போட்டியிட்டு 9,662 வாக்குகள் பெற்றார். டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி., ஆறுமுகன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், கிழக்கில் பிள்ளையான், கருணா ஆகியோர் வெற்றிலைக்காக உழைத்தனர். அமைச்சுப் பதவியும் ஆளணியும் அரச வளமும் இவர்கள் கையில் இருந்தன. இருந்தும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா மூன்றுமே அவர்கள் சொன்ன பக்கம் போகவில்லை. பதவியில் இருப்பவருக்கும் அவர் ஊர்க்காரருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை இத்தேர்தல் அப்பட்டமாகக் காட்டியது.

வெற்றி யாருக்குச் சொந்தம்

உலக வரலாற்றில் போர்த் தளபதிகள் தேர்தலில் நின்றது புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்ற யுலிசீஸ் கிராண்ட் 1868இல் ஜனாதிபதியானார்; அவரை எதிர்த்தவர் போர்க்களத்தைக் காணாத ஒரு முன்னாள் ஆளுநர். ஐசனோவர் 1952இல் வென்றபோதும் அவர் வெற்றியில் பங்கு கேட்டு எதிரே யாரும் நிற்கவில்லை. கொழும்பு நிலைமைக்கு நெருங்கியது 1864ஆம் ஆண்டுத் தேர்தல்தான். தன்னால் நியமிக்கப்பட்டு, பின் தன்னாலேயே ஒதுக்கப்பட்ட ஜெனரல் மெக்கிளெலனை லிங்கன் அன்று எதிர்கொண்டார், தோற்கடித்தார். ஆனால் மெக்கிளெலன் போரை வென்றவரல்லர். பொன்சேகாவோ வென்றவர், அதனால்தான் தென்னிலங்கை மேடைகளில் பொருளாதாரமோ அரசியல் தீர்வோ பெரிதாகப் பேசப்படாமல், போரை வென்றது தளபதியா, அவருக்கு அரசியல் துணிவு தந்த ஜனாதிபதியும் அவர் தம்பியான பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபயவுமா என்ற வழக்கே ஓடியது.

மே மாதத்தில் வீரநாயகனாகக் காட்டப்பட்டவர் டிசெம்பரில் அரச தொலைக்காட்சியில் துரோகியானார். அரச ஊடகங்களைக் கட்டுப்படுத்தத் தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை நியமித்தார். பணிப்புரைகளை நிறுவனங்கள் கணக்கிலெடுக்காததால் அந்த நியமனமே கைவிடப்பட்டது. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னர், ஜனவரி 24 அன்று, ஊடகவியலாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார்.

தமிழ் வாக்காளருக்கு இந்த வழக்கில் தரப்பு கிடையாது. பொன்சேகாவைப் பற்றி அவர்களுக்கு மாயை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்த நாடு சிங்களவருக்கு உரியது, சிறுபான்மையினர் இங்கே வாழலாம், ஆனால் மிகையான கோரிக்கைகளை வைக்கக்கூடாது என்ற பொருளில் 2008இல் கனடியப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் சொன்னதைத் தமிழ்ப் பத்திரிகை படித்தவர் யாரும் மறந்திருக்க முடியாது. 2009 டிசெம்பர் 13 அன்று சண்டே லீடர் பத்திரிகையில் வெளிவந்த அவரது நேர்காணல் இன்னொரு அதிர்வை ஏற்படுத்தியது. வெள்ளைக்கொடியோடு சரணடைய வந்த புலித் தலைவர்களைக் கொல்லுமாறு கோட்டாபய உத்தரவிட்டதாக அதில் அவர் சொன்னதாக வந்தது. பின்னர் அதற்கு வேறு விளக்கம் கொடுத்தார். தெற்கில் அது படையைக் காட்டிக்கொடுத்த பேச்சு. தமிழருக்கோ, முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதைப் பற்றி உள்ளேயிருந்த ஒருவரின் வாயிலிருந்து முதன்முறையாகக் கசிந்த செய்தி.

முகத்துவாரத்திலிருந்து பார்த்தால்

களனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது முகத்துவாரம். சிங்களத்தில் மோதர. தபால் எண் கொழும்பு 15. மட்டக்குளியும் புளூமெண்டாலும் கொட்டாஞ்சேனையும் அயல். கடலோரத்தில் புனித யாகப்பர் ஆலயம், காளி கோயில், பலநாள் படகுகள் கட்டும் மீன்பிடித் துறைமுகம். உள்ளே போனால் ஒரே குழாயில் பல குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கும், தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள். தமிழரும், சிங்களக் கத்தோலிக்கரும், முஸ்லிம்களும் சுவரோடு சுவராக வாழும் பகுதி இது.

இங்குள்ள தமிழர் ஒரே வகையினர் அல்லர். துறைமுகத்துக்கும் மாநகரசபைக்கும் கூலிகளாக வந்தவர்களின் பேரன் பேத்திகள், மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்திகளாக இறங்கியவர்கள், பரதவர் குடும்பங்கள் என்று தலைமுறைகளாக நகரத்தைச் சொந்த ஊராகக் கொண்டோர் ஒரு பக்கம். 1990களில் வடக்கிலிருந்து வந்து வாடகை அறைகளிலும் லொட்ஜுகளிலும் தங்கியவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதிகம். முகத்துவாரத்திலும் இல்லாமல் இல்லை.

போர் இவர்களுக்கு வன்னியில் மட்டும் நடக்கவில்லை. 1994 ஒக்டோபர் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட தொட்டலங்க, மட்டக்குளிக்குப் பக்கத்தில்தான். 2008 ஜனவரி முதலாம் திகதி, புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போன கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 28 இரவு புலிகளின் இலகு விமானம் களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் மேல் குண்டு போட்டபோது வட கொழும்பு முழுவதும் இருளில் விழித்திருந்தது. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். வாக்குப்பெட்டிக்கு முன் நிற்கும்போது ஒரு கொட்டாஞ்சேனைக்காரருக்கு நினைவில் இருந்தது மன்னிப்பல்ல, பஸ்.

பொலிஸ் பதிவு இன்னொரு கதை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், ஏன் வந்தார்கள் என்று எழுதி பொலிஸ் முத்திரை குத்திய தாளைத் போர்க்காலத்தில் தமிழ் வீடுகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தன. இரவில் சுற்றிவளைப்பு வந்தால் முதலில் நீட்ட வேண்டியிருந்தது அதைத்தான். அடுத்தது தேசிய அடையாள அட்டை. வடக்கு, கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் தமிழும் இருந்ததால், சோதனைச்சாவடிச் சிப்பாய்க்கு ஆள் எந்தப் பக்கம் என்று கேட்காமலே தெரிந்தது. 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் மீண்டும் பதிய வேண்டும் என்ற உத்தரவும் வந்தது.

பொலிஸ் தாளில் ஒருவர் பெயரும் விடுபடவில்லை. வாக்காளர் இடாப்பில் அதே ஆட்கள் பலரின் பெயர் இருக்கவில்லை. வாடகைக்கு இருப்பவரைத் தன் வீட்டு விலாசத்தில் பதிய வீட்டுக்காரர் தயங்கினார். ஊரில் இருக்கும் பதிவை வெட்டிக்கொள்ள வந்தவரும் விரும்பவில்லை. ஆகவே இத்தேர்தலில் முகத்துவாரத்தின் தமிழ் வாக்கு என்பது பெரும்பாலும் நகரத் தமிழரின் வாக்கே. வேடிக்கை என்னவென்றால், வாக்களிப்பு நாளன்று ஜெனரல் பொன்சேகாவின் பெயரும் எந்த இடாப்பிலும் இல்லை என்பது வெளிவந்தது. தனக்கே வாக்களிக்க முடியாத வேட்பாளர் என்று அரசாங்கத் தரப்பு நாள் முழுவதும் வானொலியில் அடித்தது. அவரது வேட்பாளர் தகுதிக்கு இதனால் பாதகம் இல்லை என்று தேர்தல் ஆணையாளர் தெளிவுபடுத்தினார். லொட்ஜுவாசிகளின் குறை ஜெனரலுக்கும் வந்து சேர்ந்தது.

கொழும்பு வடக்கு வெகு காலமாக ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தின் கோட்டை. மேயராகவும் பின்னர் இத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயர் அருகிலுள்ள விளையாட்டரங்குக்கு நிலைத்திருக்கிறது. பக்கத்துக் கொழும்பு மத்தியிலிருந்து எழுந்த ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதியே ஆனார். வீடு, குழாய்நீர், வேலை என்று எது வேண்டுமானாலும் கட்சிக் கிளை அமைப்பாளரிடம் போவது இங்குள்ள மூன்று சமூகத்துக்கும் பழக்கம். இந்த முறை வாக்குச்சீட்டில் யானை இல்லை. 22 பெயர்கள் வரிசையாக நிற்கும் நீண்ட தாளில் அன்னத்தைத் தேடிப்பிடித்துப் புள்ளடி போட வேண்டும் என்று வயதானவர்களுக்கு வீடுவீடாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்கடத்தல்களுக்கு எதிராக மக்கள் கண்காணிப்புக் குழுவை நடத்திவந்த மனோ கணேசனின் குரலுக்கு இந்தப் பகுதியில் காது இருந்தது. ஆட்களைக் கடத்திய வெள்ளை வான்களிடம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் முறையிடப் போனது அவரிடம்தான்.

எனவே முகத்துவாரத்து அன்னத்தையும் வவுனியாவின் அன்னத்தையும் ஒரே பொருளில் வாசிப்பது சரியல்ல. வவுனியாவில் அது போரில் இடம்பெயர்ந்தோரின் முகாமிலிருந்து வந்த மறுப்பு. முகத்துவாரத்தில் அந்த மறுப்போடு பழைய யானைப் பற்றும், விலைவாசி எரிச்சலும், துறைமுகத்தை அண்டிய கடலில் கடற்படைக் கெடுபிடியால் தொழில் இழந்த மீனவரின் கோபமும், சிங்களக் கத்தோலிக்க அயலவரின் வாக்கும் கலந்திருந்தன.

வாக்கும் முடிவும்

நாடு முழுவதும் 74.50 வீதத்தினர் வாக்களித்தனர். யாழ்ப்பாணத்தில் 25.66 வீதம், வன்னியில் 40.33 வீதம். வாக்களிப்பு நாள் காலையில் யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தங்கள் கேட்டன. அதைவிடப் பெரிய தடை வேறு: இறந்தவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் பழைய இடாப்பில் இன்னும் வாக்காளராக இருந்தார்கள், உயிரோடிருந்தவர்களில் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்திருந்தனர். வவுனியாவின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தோர் வெளியே போய்வர 2009 டிசெம்பர் முதலாம் திகதிதான் அனுமதி கிடைத்தது. அங்கிருந்து வாக்களிக்கப் பஸ் வேண்டும், அடையாள அட்டை வேண்டும். போரில் வீட்டோடு அதையும் இழந்தவர் பலர்.

யாழ்ப்பாணத்தில் பொன்சேகாவுக்கு 63.84 வீதம், ராஜபக்சவுக்கு 24.75 வீதம். வன்னியில் 66.86க்கு 27.31. மட்டக்களப்பில் 68.93க்கு 26.27. திருகோணமலையிலும் திகாமடுல்லையிலும் (அம்பாறை) போட்டி நெருக்கமாக இருந்தாலும் அன்னமே முந்தியது. நுவரெலியாவில் 52.14 வீதம். கொழும்பு மாவட்டத்தை ராஜபக்ச 6,14,740க்கு 5,33,022 என்ற கணக்கில் வென்றார். அந்த வெற்றியைத் தந்தவை புறநகர்த் தொகுதிகள். மாநகரத்தின் வடக்கும் மத்தியும் பொன்சேகாவுடன் நின்றன.

இந்த வரைபடத்தைப் பார்த்துப் பிரிவினை மனநிலை வாக்குச்சீட்டில் தொடர்கிறது என்று சிலர் அன்று எழுதினார்கள். அது தவறான வாசிப்பு. தமிழ் வாக்காளர் ஆதரித்தது ஒற்றையாட்சி நாட்டின் ஜெனரல் ஒருவரை, தென்னிலங்கையின் இரு பெரிய கட்சிகளின் கூட்டணியை. தனித்து நின்ற தமிழ் வேட்பாளர் சிவாஜிலிங்கத்துக்கு நாடு முழுவதும் ஒரு வீதம்கூடக் கிடைக்கவில்லை.

பின்விளைவு

முடிவுகள் வந்துகொண்டிருந்த இரவில் பொன்சேகா கொம்பனித்தெருவில் பேரை ஏரிக்கரையிலுள்ள சினமன் லேக்சைட் ஹோட்டலில் இருந்தார். விடிந்தபோது ஹோட்டலைப் படையினர் சூழ்ந்திருந்தனர். உள்ளே படையிலிருந்து தப்பியோடியவர்கள் இருப்பதாக அரசாங்கம் காரணம் சொன்னது. பெப்ரவரி 8 அன்று அவர் கைதானார்; மறுநாள் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. காவலில் இருந்தபடியே ஏப்ரல் பொதுத்தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் வென்றார். இராணுவ நீதிமன்றம் முதலில் அவரது பதவி நிலையையும் பதக்கங்களையும் பறித்தது. செப்டெம்பரில் கொள்முதல் மோசடிக் குற்றச்சாட்டில் 30 மாதச் சிறை கிடைக்க, பாராளுமன்ற ஆசனமும் போயிற்று. வெள்ளைக்கொடி நேர்காணல் வழக்கில் 2011 நவம்பரில் மேலும் மூன்று ஆண்டுகள் விதிக்கப்பட்டன. 2012 மே மாதத்தில் விடுதலையானார்.

அதே 2010 செப்டெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம், ஒருவர் இருமுறைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை நீக்கியது. முகத்துவாரம் அதைவிட நேரடியாக உணர்ந்த மாற்றம் வேறொன்று. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பின் தோட்டங்களை இடித்து, குடியிருந்தோரை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டம் கோட்டாபயவின் அமைச்சிலிருந்து ஓடியது; அந்த உயர்ந்த கட்டடங்களில் பல எழுந்தது வட கொழும்பில்தான். மனோ கணேசன் 2010 ஏப்ரல் பொதுத்தேர்தலில் கண்டியில் நின்று தோற்றார். கொழும்பில் வென்ற அவரது சகோதரர் பிரபா கணேசன் அதே ஆண்டில் அரசாங்கத்தின் பக்கம் தாவினார். வாக்களித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை; 2011 ஒக்டோபர் மாநகரசபைத் தேர்தலில் நாட்டின் பெரும்பாலான சபைகளை ஆளும் கட்சி வென்றபோது கொழும்பு மட்டும் எதிர்க்கட்சியிடம் நின்றது.

அன்னச் சின்னம் 2015 ஜனவரி 8 அன்று திரும்பி வந்தது. இம்முறை அதைச் சுமந்தவர் ராஜபக்சவின் அமைச்சரவையிலிருந்து வெளியேறிய மைத்திரிபால சிறிசேன. 2010இல் பொன்சேகாவைத் தாங்கிய அதே வாக்குகளோடு தென்னிலங்கையின் ஒரு பகுதியும் சேர, 51.28 வீதத்தில் அவர் வென்றார். அந்த வாக்குகள் ஐந்தாண்டுகளில் பக்கம் மாறவில்லை. சிங்கள வாக்குகள்தான் பிளந்தன. சிறிசேன பொன்சேகாவின் பதவி நிலையை மீட்டுக்கொடுத்து, 2015 மார்ச் 22 அன்று அவரை இலங்கையின் முதலாவது பீல்ட் மார்ஷலாக்கினார். 2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பொன்சேகா சுயேச்சையாக மீண்டும் நின்றார். நாடு முழுவதிலுமிருந்து கிடைத்தது 0.2 வீதத்துக்கும் குறைவு.